நாவலும் வாசகரும்: கீழ்மலையிலிருந்து சில பதில்கள்

பழனி மலையின் கீழ்மலைப் பகுதியில், தாண்டிக்குடிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு நாவல் எழுதுகிறேன். காபித் தோட்டத்தில் வேலை செய்யும் குடும்பங்களின் கதைகள் அவை. கடிதத்திலும் போனிலும் புத்தகக் கண்காட்சியிலும் வத்தலக்குண்டு பஸ்ஸிலும் திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கப்படும் கேள்விகளை இங்கே ஒன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கொடைக்கானல் மலையைப் பற்றி எழுதுகிறீர்கள். ஏரி, பனிமூட்டம், தூண்பாறை எதுவுமே உங்கள் நாவலில் வருவதில்லையே?

கொடைக்கானல் ஊர் வேறு, நாங்கள் இருக்கும் கீழ்மலை வேறு. பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் என்று மேல்மலைப் பக்கம் போனால் மலைப்பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட். தாண்டிக்குடி, பண்ணைக்காடு, ஆடலூர், பன்றிமலை என்று கீழ்மலைப் பக்கம் வந்தால் காபி, மிளகு, ஆரஞ்சு, மலைவாழை. குளிர் வேறு, வேலை வேறு. கொடைக்கானல் ஏரி 1863இல் வெள்ளைக்காரர்கள் உண்டாக்கியது. அழகான ஏரிதான். ஆனால் என் கதையில் வரும் பெண் அதைப் பார்த்தது, ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனபோது ஒரே தடவை. அவள் வாழ்க்கையில் இல்லாத ஏரியை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

பனி வராமல் இல்லை. எப்படி வருகிறது என்பதுதான் விஷயம். பறித்த காபிப் பழத்தைக் களத்தில் பரப்பிக் காயவைப்பார்கள். நல்ல வெயிலாக இரண்டு வாரமாவது வேண்டும். பலகையால் தள்ளித் தள்ளிப் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சிவப்பாக இருந்த பழம் கறுத்துச் சுருங்கிவிடும். ஒன்றை எடுத்துக் காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே கொட்டை சலசலக்கும். அப்போதுதான் காய்ந்ததாக அர்த்தம். அதற்குள் ஒரு நாள் மத்தியானமே மூடுபனி இறங்கிவிட்டால், களத்தில் நிற்பவர்கள் அதை ரசித்துக்கொண்டு நிற்க மாட்டார்கள். படுதாவைத் தேடி ஓடுவார்கள். ஈரம் ஏறினால் பூஞ்சணம் பிடிக்கும், விலை விழும், மேஸ்திரி கத்துவார். என் நாவலில் பனி வந்தால் கூடவே படுதாவும் வரும்.

அப்படியானால் யாரை நினைத்துக்கொண்டு எழுதுகிறீர்கள்? கீழ்மலைக்காரர்களையா, வெளியூர் வாசகர்களையா?

கீழ்மலைக்காரர்களை. இதைச் சொன்னால் சிலருக்கு வருத்தமாகிவிடுகிறது. "அப்போ நாங்க யாரு?" என்று சென்னையிலிருந்து ஒரு வாசகி கேட்டார். நியாயமான கேள்வி, அதனால் விளக்கமாகவே சொல்கிறேன்.

விஷயம் தெரிந்தவர் படித்துவிட்டுத் தலையாட்டினால், தெரியாதவர் தானாக நம்புவார். நான் கண்ட வரையில் இது மாறியதே இல்லை. தெரியாதவருக்காக எழுத உட்கார்ந்தால் என்ன நடக்கிறது தெரியுமா? விளக்க ஆரம்பித்துவிடுவோம். "கீழ்மலையில் காபிப் பறிப்பு நவம்பரில் தொடங்கும்" என்று ஒரு வரி எழுதுவோம். அந்த வரியைக் கதையில் யார் நினைக்கிறார்கள்? யாருமே இல்லை. பொழுது விடியும் முன்னால் சோறு கட்டிக்கொண்டு கிளம்புகிற பெண்ணுக்கு அது நவம்பர் என்று ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டிய அவசியம் கிடையாது. கதைக்குள் ஒரு டூரிஸ்ட் கைடு நுழைந்துவிடுகிறார், வாசகர் வேனில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்க்கிறவர் ஆகிவிடுகிறார். வாசகரை அப்படி உட்காரவைப்பது அவருக்குச் செய்கிற மரியாதை ஆகாது.

ஓர் உதாரணம். சாயங்காலம் எடை போடும் இடம். பறித்த பழத்தைச் சாக்கில் கட்டிக்கொண்டு பெண்கள் வரிசையில் நிற்பார்கள். தராசில் ஏற்றியதும் மேஸ்திரி சாக்கு எடைக்கு என்று கொஞ்சம் கழிப்பார். கழிக்கும்போது ஆளைப் பார்க்க மாட்டார், நோட்டைப் பார்ப்பார். பறித்தவளும் தராசைப் பார்க்க மாட்டாள், அவர் பேனாவைப் பார்ப்பாள். தராசு சொல்வதை விட அந்தப் பேனா எழுதுவதுதான் அவள் கூலி. இதை எந்த விளக்கமும் இல்லாமல் எழுதினேன். படித்துவிட்டு ஊரில் ஓர் அக்கா, "பேனாவைத்தான் பாப்போம், சரியாத்தான் எழுதியிருக்க" என்றார்.

பிற்பாடு தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவரின் அம்மா உப்பளத்தில் வேலை பார்த்தவர். அவர் குறிப்பிட்டிருந்ததும் இதே இடத்தைத்தான். தன் அம்மாவும் கூலிக் கணக்கு எழுதுகிறவரின் கையையே பார்த்துக்கொண்டு நிற்பார் என்று எழுதியிருந்தார். காபிச் செடியை அவர் கண்ணால் பார்த்ததே கிடையாதாம். கீழ்மலைக்காரருக்கு உண்மையாக எழுதினால் வெளியூர்க்காரரிடம் அது எப்படிப் போய்ச் சேருகிறது என்பதற்கு இதைவிட என்னிடம் வேறு சாட்சி இல்லை. சென்னை வாசகிக்கு நான் சொன்ன பதிலும் இதுதான்: உங்களுக்காகவும்தான் எழுதுகிறேன், ஆனால் வழி இந்த அக்கா வீட்டு வாசல் வழியாகத்தான்.

குறிஞ்சிப் பூ ஒரு வரிகூட வராமல் பழனி மலை நாவலா?

கதை 2007இல் தொடங்கி 2017இல் முடிகிறது. நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது. கொடைக்கானல் பக்கம் 2006இல் பூத்தது, அப்புறம் 2018இல் பூத்தது. நடுவில் அது பூக்க வழியே இல்லை. ஒரு வாசகர் இந்தக் கணக்கைத் தானே போட்டுப் பார்த்து, "வேண்டுமென்றே செய்தீர்களா?" என்று கேட்டார். ஆமாம். பூவுக்கு நடுவில் கிடக்கிற வருஷங்களில் என்ன நடக்கிறது என்பதைத்தான் எழுத ஆசைப்பட்டேன். அடுத்து 2030இல் பூக்கும். அதற்குள் அதைப் பற்றி எழுத நிறையப் பேர் வருவார்கள்.

எழுத்தாளருக்கும் வாசகருக்கும் இடையில் இருப்பது என்ன உறவு? நட்பா?

நட்பு என்றால் இருவரும் பேச வேண்டும். இங்கே ஒருவர் பேசி முடித்த பிறகுதான் இன்னொருவர் வருகிறார். முகம் தெரியாது, ஊர் தெரியாது. ஆனாலும் தன் நேரத்தில் சில ராத்திரிகளை எடுத்து நமக்குத் தருகிறார். வேறு யாருக்கும் அவர் அப்படித் தருவதில்லை. அந்த ராத்திரிகளில் அவர் சும்மா வாங்கிக்கொண்டும் இருப்பதில்லை. நான் ஒரு திண்ணை என்று எழுதினால், அவர் தனக்குத் தெரிந்த ஒரு திண்ணையைக் கொண்டுவந்து போடுகிறார். நாவலில் பாதி வேலை அவருடையது.

தமிழ் வாசகர் இந்த வேலையை எவ்வளவு மனதோடு செய்வார் என்பதற்கு நா. பார்த்தசாரதியின் 'குறிஞ்சி மலர்' ஒன்றே போதும். அது 'கல்கி' வார இதழில் தொடராக வந்த கதை. படித்தவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு அரவிந்தன், பூரணி என்று பெயர் வைத்தார்கள். இன்றும் அந்தத் தலைமுறையில் ஒரு பூரணியைப் பார்த்தால் அவர் வீட்டில் யாரோ கல்கி படித்திருக்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைக்கும் பழக்கமும் அந்தக் காலத்து வீடுகளில் இருந்தது. எங்கள் வீட்டிலும் ஒன்று உண்டு. கதையின் நடுவில் சோப்பு விளம்பரம் வரும், ஒரு வாரத்துப் பக்கம் இருக்காது. இல்லாத அந்த வாரத்தின் கதையை என் பெரியம்மா ஒரு வெள்ளைத்தாளில் தன் கையெழுத்தில் சுருக்கமாக எழுதி உள்ளே வைத்துத் தைத்திருக்கிறார். யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதியது. அடுத்துப் படிக்கிறவருக்குக் கதை அறுந்துவிடக் கூடாது என்ற கவலை அது. எழுதியவருக்கு இப்படி ஒரு தாள் இருப்பதே தெரிந்திருக்காது. உறவு என்று கேட்டால் நான் அந்தத் தாளைத்தான் காட்டுவேன்.

மலைமேல் உட்கார்ந்துகொண்டு நாவல் எழுதுகிறீர்கள். இந்தப் பக்கத்தில் உங்களுக்கு முன்னால் யாராவது எழுதியிருக்கிறார்களா?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு உற்சாகமாகிவிடும். எங்கள் மலையிலிருந்து இறங்கும் பஸ் போய் நிற்கும் ஊர் வத்தலக்குண்டு. தமிழ் நாவலின் ஆரம்பமே அந்த ஊரோடு சம்பந்தப்பட்டது. பி.ஆர். ராஜம் ஐயர் அங்கே 1872இல் பிறந்தவர். தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் அச்சானது. ராஜம் ஐயரின் 'கமலாம்பாள் சரித்திரம்' 1893 முதல் 'விவேக சிந்தாமணி' இதழில் தொடராக வந்தது. அப்போது அவருக்கு வயது இருபத்தொன்றுதான். நாவலின் முடிவில் வாசகரிடம் நேராகவே பேசுகிறார்: கதை சொல்வது மட்டும் என் நோக்கமில்லை, அமைதியில்லாமல் அலைந்த ஓர் ஆத்மா கடைசியில் நிம்மதி அடைந்ததைச் சொல்லவே எழுதினேன் என்ற பொருளில். மாத இதழ் வாங்கிப் படிக்கிற முகம் தெரியாத வாசகரிடம் இவ்வளவு அந்தரங்கமான ஒன்றைச் சொல்லலாம் என்று அந்த வயதில் அவருக்குத் தோன்றியிருக்கிறது. 1898இல், 26 வயதில் இறந்துவிட்டார்.

'மணிக்கொடி' இதழ்க் காலத்து எழுத்தாளர் பி.எஸ். ராமையாவும் வத்தலக்குண்டுக்காரர்தான். சி.சு. செல்லப்பா வளர்ந்ததும் அங்கேதான். 1959இல் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கியவர். புத்தகங்களை அச்சடித்து, வாங்க ஆள் வருவார்கள் என்று காத்திருக்கவில்லை. மூட்டையாகக் கட்டித் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். 'சுதந்திர தாகம்' என்ற பெரிய நாவலை எண்பது வயதுக்கு மேல், 1997இல், மூன்று பாகமாகத் தாமே வெளியிட்டார். அடுத்த வருஷம் காலமாகிவிட்டார். அந்த நாவலுக்குச் சாகித்ய அகாதெமி விருது வந்தது 2001இல். வாசகர் எங்கோ இருக்கிறார், அவர் இருக்கும் இடத்துக்கு நான்தான் போக வேண்டும் என்ற அவருடைய நம்பிக்கையின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. புத்தகக் கண்காட்சியில் நாள் முழுக்க நின்று கால் வலிக்கும்போது அந்த மூட்டையை நினைத்துக்கொள்வேன்.

உங்கள் நாவலில் வரும் பெரியம்மா நிஜத்தில் யார்? ஊரில் யாரும் சண்டைக்கு வரவில்லையா?

ஒரே ஆள் இல்லை. நடை ஒருவருடையது, பேச்சு இன்னொருவருடையது, பிடிவாதம் என் பாட்டியுடையது. ஊரில் பலர் அது தாங்கள்தான் என்று நினைக்கிறார்கள், யாரும் கோபப்படவில்லை. ஒருவருடைய ரகசியம் என்று தெரிந்த எதையும் நான் எடுப்பதில்லை. அதில் எனக்கு விலக்கே கிடையாது. எவ்வளவு நல்ல கதையானாலும் சரி, நாளைக்குக் காலையில் அவர் வீட்டுக்குப் போய்த் தண்ணீர் வாங்கிக் குடிக்க முடியாதபடி எழுதக் கூடாது.

பளியர்களைப் பற்றி ஏன் ஒரு நாவல் எழுதவில்லை?

இந்த மலையில் எங்களுக்கெல்லாம் முன்னால் இருந்த பழங்குடி மக்கள் அவர்கள். என் கதைகளில் தோட்டத்து ஆட்களோடு பழகும் அளவுக்கு வருவார்கள். அதற்கு மேல் அவர்கள் வீட்டுக்குள்ளிருந்து கதை சொல்ல எனக்குப் பழக்கம் போதாது. வெளியிலிருந்து வந்தவர் எழுதவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ராஜம் கிருஷ்ணன் கணவரின் வேலை காரணமாக நீலகிரியில் வாழ்ந்தபோது அங்குள்ள படகர் இன மக்களோடு பழகி 'குறிஞ்சித்தேன்' எழுதினார். உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி 'கரிப்பு மணிகள்' எழுதத் தூத்துக்குடிக்கே போய் அந்த மக்களைச் சந்தித்தார். அந்த உழைப்பைக் கொடுக்கிறவருக்கு எழுதும் உரிமை வரும். அதைவிட, பளியர் பிள்ளைகளில் ஒருவர் எழுதும் நாவலைப் படிக்கவே எனக்கு ஆசை. பள்ளிக்கூடத்தில் நன்றாகக் கட்டுரை எழுதுகிற பிள்ளை யாராவது இருந்தால் ஆசிரியர்கள் சொல்லுங்கள், புத்தகங்கள் கொண்டுவந்து தருகிறேன்.

கடைசி அத்தியாயத்தில் திருப்பூர் பஸ் ஏறிய பெண் திரும்பி வந்தாளா? ஏன் சொல்லாமல் விட்டீர்கள்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கொஞ்சம் கோபமாகவே கேட்பார்கள். அந்தக் கோபம் எனக்குப் பிடிக்கும், அவள் மேல் அக்கறை இருப்பதால் வருவது.

கல்கியையே இந்தக் கேள்வி விடவில்லை. 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை தொடராக வந்து முடிந்ததும், அப்புறம் இன்னார் என்ன ஆனார், இன்னார் என்ன ஆனார் என்று வாசகர்கள் கேட்டார்கள். அவர் ஒரு முடிவுரை எழுதி அவற்றுக்கெல்லாம் பதில் சொன்னார். சரித்திரக் கதை என்பதால் பின்னால் நடந்ததைச் சொல்ல அவருக்குச் சோழர் வரலாறு கைகொடுத்தது.

என் கதைக்கு அப்படி ஒரு வரலாறு கிடையாது. மலையிலிருந்து திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போகிற பிள்ளைகள் உள்ள வீடுகளில், பஸ் கிளம்பியபின் மிஞ்சுவது போன் வருமா என்ற காத்திருப்புதான். அவள் திரும்பினாள் என்று எழுதிவிட்டால் அந்த வீடுகளின் காத்திருப்பை நான் பொய்யாக்குகிறேன். திரும்பவில்லை என்று எழுதிவிட்டால் அவர்கள் நம்பிக்கையில் கை வைக்கிறேன். இரண்டுக்கும் எனக்கு மனமில்லை. வாசகர்கள் அவரவர் முடிவை எனக்கு எழுதி அனுப்புகிறார்கள். கீழ்மலையில் இருப்பவர்கள் அநேகமாக "திருவிழாவுக்கு வந்துட்டா" என்கிறார்கள். திருப்பூரில் இருப்பவர்கள் "வரல, ஆனா தங்கச்சியைப் படிக்க வெச்சா" என்கிறார்கள். இரண்டையும் நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

வாசகர்கள் கேட்டுக்கொண்டால் கதையை மாற்றுவீர்களா?

மாட்டேன். கேட்பதை முழுதாகக் கேட்டுக்கொள்வேன், அடுத்த கதையில் அது எங்காவது வேலை செய்யும்.

உங்கள் நாவலின் பிடிஎஃப் கிடைக்குமா?

கிடைக்காது. தயவுசெய்து யாரும் ஸ்கேன் செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பவும் வேண்டாம். எழுத்தாளருக்கு வழக்கமாக வருவது விற்ற பிரதிகளின் விலையில் 10 சதவீதம். என்னைவிடச் சிறு பதிப்பாளர்தான் இதில் அடிபடுகிறார், அவர் அடுத்த புத்தகத்துக்குப் பேப்பர் வாங்க வேண்டும். வாங்க வசதியில்லை என்றால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் கேளுங்கள், இல்லையென்றால் வாங்கிவைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். நண்பரிடம் இரவல் வாங்குங்கள். ஒரே பிரதி ஐந்து வீடு சுற்றினால் எனக்குச் சந்தோஷம்தான். கல்கி, ராஜம் கிருஷ்ணன் போன்றவர்களின் நூல்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை, அவற்றை யாரும் தாராளமாகப் பகிரலாம். அங்கிருந்தும் தொடங்கலாம்.

நானும் நாவல் எழுத நினைக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது?

உங்கள் கைக்குத் தெரிந்த ஒரு வேலையிலிருந்து. பூண்டைக் கட்டாகக் கட்டத் தெரியுமா, தையல் மெஷினில் ஊசி மாற்றத் தெரியுமா, ரேஷன் கடையில் பில் போடத் தெரியுமா? அந்த வேலை நடக்கும் இடத்தில் இரண்டு பேரை நிறுத்தி, ஒருவருக்கு ஒன்று வேண்டும், மற்றவருக்கு அதைக் கொடுக்க இஷ்டமில்லை என்று வையுங்கள். முதல் அத்தியாயம் வந்துவிடும்.

உறவுமுறை அழைப்புகளில் கவனமாக இருங்கள். மாமியாரை மருமகள் எப்படிக் கூப்பிடுவாள், கொழுந்தனுக்கு முன்னால் பேசுவாளா என்பது சாதிக்குச் சாதி, ஊருக்கு ஊர் மாறும். அங்கே ஒன்று தவறினால் வாசகர் உங்களை நம்புவதை நிறுத்திவிடுவார், சொல்லவும் மாட்டார்.

அப்புறம், அச்சுக்குப் போகும் முன்னால் இரண்டு பேரிடம் காட்டுங்கள். ஒருவர் அந்த வாழ்க்கை தெரிந்தவர், நாவல் படிக்காதவராக இருந்தாலும் பரவாயில்லை. அவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். நான் பக்கத்து வீட்டு அக்காவுக்கு அவர் மிளகு உருவிக்கொண்டிருக்கும்போது படிப்பேன். கதை தளர்ந்தால் அவர் நடுவில் "ஆமா, தண்ணி வந்துச்சா இன்னைக்கு?" என்பார். அந்தப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு. கதை பிடித்துக்கொண்டால் பேச்சு நின்று, சரத்திலிருந்து மிளகு உருவும் விரல்கள் மெதுவாகும். இன்னொருவர் நிறையப் படிக்கிறவர், ஆனால் அந்த ஊர் தெரியாதவர். அவரிடம் தாளாகக் கொடுத்துவிட்டு, எங்கே நிறுத்தினார், மறுபடி எப்போது எடுத்தார் என்று மட்டும் கேளுங்கள். "நல்லா இருக்கு" என்பதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. எங்கே கீழே வைத்தார் என்பது தெரிந்தால் அந்த இடத்தைச் சரிசெய்யலாம்.

எழுதியே பிழைக்க முடியுமா?

தமிழில் நாவல் மட்டும் எழுதி என்றால், மிகச் சிலரால்தான். எனக்குச் சோறு போடுவது காபியும் மிளகும். வேலையை விட்டுவிட்டு எழுத வராதீர்கள். வேலையிலிருந்துதான் கதையும் வரும்.

கடுமையாக விமர்சித்தால் என்ன செய்வீர்கள்?

முழுதாகப் படித்துவிட்டுத் திட்டினால் ஏற்றுக்கொள்வேன், அவரும் தன் ராத்திரிகளைக் கொடுத்தவர்தான். படிக்காமல் திட்டுகிறவருக்குப் பதில் சொல்வதில்லை.

கடிதம் எழுதினால் பதில் வருமா? நேரில் வரலாமா?

எல்லாக் கடிதத்துக்கும் பதில் போடுவேன், பறிப்புக் காலத்தில் மட்டும் தாமதமாகும். நேரில் வருவதென்றால் நவம்பரிலிருந்து ஜனவரி வரை வேண்டாம், உட்கார்ந்து பேச நேரமிருக்காது. கோடை மழைக்குப் பின் காபி பூத்திருக்கும்போது வாருங்கள். ஒரு வாரம்கூடத் தாங்காத பூ, மலையே மல்லிகை மாதிரி மணக்கும். கதையில் வரும் களத்தைக் காட்டுகிறேன். ஆனால் கதையில் வரும் ஆட்களைத் தேடி ஊருக்குள் போய் விசாரிக்காதீர்கள், போட்டோ எடுக்காதீர்கள்.

அடுத்த நாவல் எப்போது?

எழுதி முடித்துவிட்டேன். மேல்மலைக்குக் கல்யாணமாகிப் போன ஒரு கீழ்மலைப் பெண்ணின் கதை. பூண்டு விவசாயம் நடக்கும் அத்தியாயங்களை இப்போது பூம்பாறையில் ஒரு குடும்பத்துக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருக்கிறேன். அவர்கள் கேட்டு முடித்த பிறகுதான் பதிப்பாளரிடம் போகும்.